தீபாவளிச் சாப்பாட்டை முடிவு செய்வது யார்?

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில், தீபாவளியை ஒட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

மழையோடு மழையாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஐப்பசியில் புக்கிட் பாத்தோக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு இடி இடிக்காவிட்டால்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் இந்த மாதங்களில் இலை உதிர்கிறது, குடும்பம் ஒன்றுகூடி விருந்து சாப்பிடுகிறது. நம் வீட்டில் உதிர்வது முறுக்குத் துணுக்கு மட்டும்தான். ஆனால் விருந்து தவறாமல் இதே மாதங்களில் வந்துவிடுகிறது.

ஏற்பாடு செய்த தம்பிகள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'குடும்பத்துக்குப் பிடித்த தீபாவளி உணவுகள்'. தலைப்பைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "உனக்குப் பிடித்ததை நீ என்றைக்குத் தீபாவளிக்குச் சமைத்தாய்?" என்றார். கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நம் வீடுகளில் தீபாவளிக்கு என்ன சமைப்பது என்பதை வீட்டாரின் நாக்கு முடிவு செய்வதில்லை. சாப்பிட வருகிறவர்தான் முடிவு செய்கிறார். வருகிறவர் மலாய்க்காரர் என்றால் அடுப்பங்கரை ஒரு விதமாக ஓடும். சைவக்காரர் என்றால் வேறு விதமாக ஓடும். போய்ச்சேர்ந்தவர் என்றால் இன்னும் வேறு. ஆமாம், போய்ச்சேர்ந்தவர்களும் வருகிறார்கள். அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன், வயதில் மூத்தவர்கள் அல்லவா.

தீபாவளிக்கு முந்திய நாள் மாலை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தமிழ்க் குடும்பங்களில் அன்றைக்குத்தான் முன்னோர்க்குப் படையல். சுவரில் இருக்கும் படங்களை இறக்கித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு வரிசையாக நிறுத்துவோம். எதிரே தலைவாழை இலை. மறுநாள் உடுத்தப்போகும் புதுத்துணியையும் மஞ்சள் தடவி அங்கே வைப்பதுண்டு. இலையில் வைப்பது, அவரவர் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுச் சாப்பிட்டது. ஆசாரமெல்லாம் பார்ப்பதில்லை. சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, ஸ்டவுட் குடித்தவருக்கு ஸ்டவுட். போத்தலைத் திறந்துதான் வைக்க வேண்டும், மூடியோடு வைத்தால் தாத்தா எப்படிக் குடிப்பார் என்று கேட்கிற வீடுகளும் எனக்குத் தெரியும்.

என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் மீ கோரிங் வாங்கி வருவார். தமிழ் முஸ்லிம் கடைக்காரர், சீனர்களின் மஞ்சள் மீயை மிளகாய்ச் சாந்து, உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் போட்டுச் சிவக்கச் சிவக்கப் பிரட்டிக் கொடுக்கிறாரே, அதுதான். இந்தியாவில் கிடைக்காத இந்தியச் சாப்பாடு. அவர் இலையில் அது இல்லாமல் எங்கள் வீட்டில் படையல் கிடையாது. பக்கத்திலேயே கோப்பி-ஓ. அந்தக் காலத்தில் கோப்பிக்கடையில் காலிப் பால்டின்னில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். இப்போது வீட்டுக் குவளையில் ஊற்றி வைக்கிறோம். மாமியார் இலையில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியே காரிடாரில் நிற்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும். உள்ளே வந்தால் மீ கோரிங் ஆறி விறைத்திருக்கும். உயிரோடு இருக்கும் எங்களில் யாருக்கும் ஆறிய மீ பிடிக்காது. மைக்ரோவேவில் சூடாக்கலாமா என்று என் மகன் ஒரு தடவை கேட்டான். "தாத்தாவுக்கு மைக்ரோவேவ் பழக்கமில்லை" என்று அவன் அப்பா முடித்துவிட்டார். அப்படியே பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

உயிரோடு இருப்பவரின் ரசனை மாறும். டாக்டர் கொலஸ்ட்ரால் என்றால் இறைச்சியைக் குறைப்பார். பேத்தி சொன்னாள் என்று பழுப்பரிசிக்குப் போவார். படத்தில் இருப்பவர் மாற மாட்டார். அதனால் அவருக்குப் பிடித்த பண்டம் வீட்டை விட்டுப் போகாது. குடும்பத்தின் விருப்பப் பண்டம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறவற்றில் பாதி, இப்படிக் காலமாகிவிட்ட ஒருவரின் விருப்பம்தான். எங்கள் வீட்டுக்கு எதிர்காலத்தில் வரப்போகும் மருமகளும் மீ கோரிங் வாங்கத்தான் போகிறாள். எதற்கு என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதில் ஒரு கிளைக்கதை. சிங்கப்பூர்த் தமிழர் எல்லாரும் தீபாவளி கொண்டாடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1929-இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோனார். சுயமரியாதைக் கருத்து இங்கே நன்றாகவே வேர் பிடித்தது. 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952-இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளை முன்னெடுத்தார். சமயம் பாராமல் தமிழர் எல்லாரும் சேர ஒரு விழா வேண்டும் என்பது அவர் எண்ணம். என் பெரியப்பா அந்த அணி. தலையில் எண்ணெய் வைக்க மாட்டார், கோயில் வாசலை மிதிக்க மாட்டார். "நரகாசுரனை யாரோ கொன்றதற்கு நான் ஏன் குளிக்க வேண்டும்?" என்பார். ஆனால் தாளித்த வாசம் வந்துவிட்டால் முதல் பந்தியில் முதல் இலை அவருடையது. விழாவுக்குத்தான் எதிர்ப்பு, கறிக்கு இல்லை. இப்போது அவர் படமும் வரிசையில் நிற்கிறது. மறுப்புத் தெரிவிக்க முடியாது என்பதால் அவருக்கும் ஓர் இலை போடுகிறோம்.

சரி, விடிந்துவிட்டது. நமக்குத் தீபாவளி ஒரே நாள்தான். 1968-இல் அரசாங்கம் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது, தைப்பூசமா தீபாவளியா என்ற கேள்வி இந்துக்கள் முன்னால் வந்தது. தீபாவளி நின்றது, தைப்பூசம் விடுமுறைப் பட்டியலிலிருந்து போயிற்று. அந்த ஒரு நாளுக்குள் எண்ணெய்க் குளியல், கோயில், காலைச் சாப்பாடு, மத்தியான விருந்து, வீடு வீடாகப் போவது எல்லாம் அடங்க வேண்டும். சிறுவயதில் நாங்கள் வெடித்த வெடியை இப்போது யாரும் வெடிப்பதில்லை. 1972-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மத்தாப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெடிச்சத்தம் போனபின் தீபாவளி வந்துவிட்டதை அக்கம்பக்கத்துக்குத் தெரிவிப்பது எண்ணெய் காயும் வாசம்தான்.

காலைச் சாப்பாடு தோசையும் ஆட்டிறைச்சியும். இட்லி என்பவர்கள் இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் தீபாவளிக் காலை என்றால் இட்லி, வடை, சட்னியோடு இனிப்பு. இறைச்சி சமைக்கும் வீடுகள் அங்கேயும் ஏராளம். இங்கேயோ, சைவம் அல்லாத வீடுகளில், அன்றைக்கு ஆட்டிறைச்சி இல்லை என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

இந்த ஆட்டிறைச்சிக்காக நான் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போகிறேன். புக்கிட் பாத்தோக்கிலேயே இறைச்சி கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். முன்பெல்லாம் தேக்கா போவதென்றால் ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி, ஊட்ரம் பார்க்கில் இன்னொரு தடவை மாற வேண்டும். 2015 டிசம்பரில் டௌன்டவுன் பாதை நீண்டபிறகு, பியூட்டி வேர்ல்ட் வரை பஸ், அங்கிருந்து ஒரே ரயிலில் லிட்டில் இந்தியா. தீபாவளிக்கு முந்திய நாள் தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால், இவ்வளவு தமிழர் இந்த ஊரில் இருக்கிறார்களா என்று தோன்றும். சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம் பார்க்க வருகிற கூட்டம் வேறு, இந்தக் கூட்டம் வேறு. இங்கே யாரும் படம் எடுத்துக்கொண்டு நிற்பதில்லை. கடைக்காரர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிமாக இருப்பார். ஆடு பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாக இருக்கும். "தொடையும் நெஞ்செலும்பும் கலந்து போடுங்கண்ணே, கொழுப்பு கொஞ்சம் இருக்கட்டும்" என்று சொன்னால் போதும். கத்தி போகிற வேகத்தில் அவர் பேச்சும் போகும்.

நான் அவ்வளவு தூரம் போவது ருசிக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் எங்கள் மாடியில் இருக்கும் மக்சிக்குக்காக. மக்சிக் என்றால் மலாயில் அத்தை. மலாய்க் குடும்பம், எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி. முயிஸ் என்று நாம் சொல்லும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் கொடுத்து வருகிறது. அது கடைக்கும் உணவகத்துக்கும். ஓர் இந்து வீட்டு அடுப்புக்கு யார் சான்றிதழ் கொடுப்பது? மக்சிக் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நானே பேச்சுவாக்கில், "இந்தத் தடவை தேக்கா பாய் நல்ல இறைச்சி கொடுத்தார்" என்று சொல்லிவிடுவேன். அவர் தலையசைத்துக்கொண்டு தட்டை எடுத்துக்கொள்வார். அந்தத் தட்டும் தனித் தட்டு, அந்தக் கரண்டியும் தனிக் கரண்டி. எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பதில்லை என்றாலும் அவை தனியாகத்தான் அலமாரியில் இருக்கின்றன. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இந்தத் தீவில் ஆயிரக்கணக்கான இந்துக் குடும்பங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்கிற காரியம் இது.

ஆட்டிறைச்சிப் பிரட்டலைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் பெண்கள் என்னை விட மாட்டார்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ. சோம்பு கொஞ்சம் தாராளமாக. வெங்காயம் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாக வேண்டும். அவசரப்பட்டால் பிரட்டல் கறுக்காது, குழம்பாகத்தான் நிற்கும். இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை, ஒரு துண்டு பாண்டான் இலை. பிறகு இறைச்சி. தண்ணீர் ஊற்றாதீர்கள், அது விடுகிற நீரிலேயே பாதி வேகட்டும். அப்புறம் மிளகாய்த்தூள், கறித்தூள், மூடி போட்டுச் சின்ன நெருப்பு. உருளைக்கிழங்கு கடைசியில். சிலர் வீட்டில் ஒரு கரண்டி கிச்சாப் விடுகிறார்கள். சீனருடைய சோயா சாறு மலாய்ச் சமையல் வழியாகத் தமிழர் சட்டிக்குள் வந்தது. ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் முகம் சுளித்தாள். நான் விடுகிறேன். அந்தக் கறுப்பு நிறம் வேறு எதிலும் வராது. எண்ணெய் பிரிந்து, மசாலா இறைச்சியோடு ஒட்டி, கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மறைய வேண்டும். அப்போது அடுப்பை அணைக்கலாம்.

மக்சிக்கைச் சொன்னேன். எதிர்வீட்டில் சீனக் குடும்பம். கோடிவீட்டில் பிலிப்பீன்ஸ்காரர். எங்கள் மாடியில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான், அது தற்செயலும் இல்லை. 1989 மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. இந்தியரும் பிற இனத்தவரும் ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். 2010-இல் அதை 15 ஆக்கினார்கள். வீட்டை விற்கப் போய், வாங்க வந்தவர் கணக்கில் இடமில்லை என்று திரும்பியவர்களுக்கு இந்தக் கொள்கையின் கசப்புத் தெரியும். அந்த வழக்கை இன்னொரு கூட்டத்தில் பேசலாம். எனக்கும் அதில் சொல்ல இருக்கிறது. அடுப்பங்கரையைப் பொறுத்தமட்டில் அதன் விளைவு ஒன்றுதான். தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனால், கதவைத் திறப்பவர் அநேகமாகத் தமிழராக இருக்க மாட்டார்.

எங்கள் பாட்டி காலத்தில், தோட்டத்து லயத்திலோ துறைமுகக் குடியிருப்பிலோ, இரண்டு பக்கமும் தமிழர். யார் வீட்டு அதிரசம் மெத்தென்று இருக்கிறது என்று போட்டி. இப்போது அதிரசத்தை மதிப்பிடத் தெரிந்தவர் எங்கள் மாடியில் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு வெல்லம் மணக்கும் அந்த வட்டத்தை எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி மரியாதைக்கு ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிட்டார். மூன்று நாள் மாவு புளிக்க வைத்த எனக்கு எப்படி இருந்திருக்கும்! அதிரசத்தை இப்போது சாமிக்கும் படையலுக்கும் மட்டும் கொஞ்சமாகச் சுடுகிறேன். டின் டின்னாகச் செய்வது அச்சு முறுக்கு. ஏனென்றால் அதை எல்லாரும் தங்களுடையது என்கிறார்கள்.

மலாய்க்காரர் அதைக் குவே லோயாங் என்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டு ஆண்ட்டி டப்பாவில் கொடுப்பதும் அதுதான், தேன்கூட்டு ரொட்டி என்று அவர்களுக்குப் பெயர். கேரளக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு அச்சப்பம் சுடுகிறார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ். சுவீடன், நார்வேயில்கூட இதே மாதிரி அச்சைக் காய்ச்சி மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். அவர்கள் போடுவது கோதுமை மாவும் மாட்டுப்பாலும், நாம் போடுவது அரிசி மாவும் தேங்காய்ப்பாலும். முதலில் யார் சுட்டது என்று சண்டை போடலாம். அதற்குள் என் எண்ணெய் புகைந்துவிடும்.

இந்தப் பண்டத்தின் சூட்சுமம் முழுக்க அச்சில் இருக்கிறது. நீளக் காம்பு வைத்த பித்தளைப் பூ. புது அச்சை வாங்கியவுடன் அடுப்பில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெயில் கிடக்கவிட வேண்டும். இல்லையென்றால் மாவு கழன்று வராது, கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். மாவு தோசை மாவைவிட நீர்க்க, கரண்டியின் முதுகில் மெல்லிசாகப் படிகிற பதம். அச்சை எண்ணெயிலேயே காய வைத்து எடுத்து, ஒரு உதறு உதறி, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். சர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் அச்சு காயவில்லை, மாவு ஒட்டாது. அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் மாவு அங்கேயே வெந்து கிண்ணத்துக்குள்ளேயே கழன்று விழும். மேல்விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் பூ அச்சோடு பூட்டிக்கொள்ளும், உலுக்கினாலும் இறங்காது. சரியாக முக்கியதை எண்ணெயில் இறக்கி, கொஞ்சம் பொறுத்து மெல்ல ஆட்டினால் பூ நழுவி மிதக்கும். திருப்பிப் போட்டு, குமிழி அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது வெளுப்பாகத்தான் இருக்கும், ஆறும்போது இன்னும் ஒரு நிறம் ஏறும். ஆறுமுன் டின்னில் போட்டு மூடினால் நம் ஊர் ஈரக்காற்றுக்கு மறுநாளே நமுத்துவிடும். மழை பெய்யும்போது சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சுடுவேன்.

இதிலும் வருகிறவர்தான் முதலாளி. அச்சு முறுக்குக்கு முட்டை போட்டால்தான் அந்த மொறுமொறுப்பு. ஆனால் என் கணவரின் நண்பர் ஒருவர் குடும்பம் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. என் மகளோடு வேலை பார்க்கும் குஜராத்திப் பெண்ணும் அப்படியே. அதனால் மாவு இரண்டு கிண்ணம். முட்டை சேர்க்காத கிண்ணம்தான் முதலில், புது எண்ணெயில். அது முடிந்தபின் முட்டை சேர்த்தது. அதன்பிறகு அந்த எண்ணெயைத் திரும்பச் சைவத்துக்குத் தொடுவதில்லை. டின்னின் மூடியில் பச்சை டேப் ஒட்டியிருந்தால் முட்டை இல்லை என்று பொருள். எண்ணெய்ச் சட்டியில் எது முன்னால் எது பின்னால் என்பதை நான் தீர்மானிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்மானித்தது அந்தக் குஜராத்திப் பெண்.

கொடுக்கிற தட்டு வெறுமையாகத் திரும்பி வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்சிக் நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங்கும் கெத்துப்பாட்டும் கொடுத்தனுப்புவார். சீன ஆண்ட்டி அன்னாசி டார்ட் கொடுப்பார். அன்னாசி டார்ட் இப்போது எங்கள் தீபாவளிப் பலகாரத் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டது, சுஜி பிஸ்கட்டுக்குப் பக்கத்தில். நெய்யும் மாவும் சர்க்கரையும் சேர்ந்து வாயில் போட்டதும் கரைகிற சுஜி பிஸ்கட் தமிழ்நாட்டுத் தீபாவளியில் அவ்வளவாகக் கிடையாது, இங்கே அது இல்லாத வீடு கிடையாது. முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை பற்றிப் பேச நான் தேவையில்லை. உங்கள் எல்லாருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடையில் வாங்கினால் என்ன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனந்த பவன் 1924-இலிருந்து இந்த ஊரில் இருக்கிறது, கோமள விலாஸ் 1947-இலிருந்து. நூறு வருடமாக யாரோ வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? லட்டும் மைசூர்பாகும் நான் வாங்குவதுதான். நம் புளோக்குகளிலேயே வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கிற அக்காமார் எத்தனை பேர்! வேலைக்குப் போகிற பெண், விடுமுறை ஒரே நாள் இருக்கிற ஊரில், எட்டுப் பலகாரமும் கையால் செய்தால்தான் குடும்பப் பெண் என்று யாராவது சொன்னால், சொன்னவரையே எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார வையுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். வாங்கும்போதும் வருகிறவரை நினைத்துத்தான் வாங்குகிறோம். முட்டை இருக்கிறதா, நெய்யா டால்டாவா என்று கடைக்காரரை எத்தனை கேள்வி கேட்கிறோம்! நமக்கு மட்டும் என்றால் கேட்போமா?

2020 தீபாவளி நினைவிருக்கும். நவம்பர் 14. ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினர்தான் வரலாம் என்று விதி. அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய கொரோனா நோய்முறியடிப்பு முடக்கத்தில் வீட்டில் சமைத்து விற்பதையும் நிறுத்தி, மே 12 முதல்தான் திரும்ப அனுமதித்தார்கள். தீபாவளிக்கு அந்த அக்காமார் வியாபாரம் திரும்பியிருந்தது, ஆனால் வீட்டுக்கு வர ஆள் இல்லை. எங்கள் வீட்டில் நால்வர், வரலாம் என்று இருந்தவர் ஐவர். அதில் மூன்று பேர் பயந்து வரவில்லை. அரைக் கிலோ இறைச்சி போதும் என்றேன், கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் உடம்பு கெட்டுப்போகவில்லை, பணத்துக்கும் குறைவில்லை, எல்லாருக்கும் பசியும் இருந்தது. இருந்தும் பிரியாணி போடத் தோன்றவில்லை, அச்சையும் எடுக்கவில்லை. குடும்பத்துக்குப் பிடித்ததைத்தான் சமைக்கிறோம் என்றால், குடும்பம் முழுக்க வீட்டிலேயே அடைந்து கிடந்த அந்த ஆண்டல்லவா அமோகமாகச் சமைத்திருக்க வேண்டும்? ஓமப்பொடி மட்டும் கொஞ்சம் பிழிந்து, பைகளில் போட்டு, அண்டை வீட்டு இரும்புக் கதவுகளில் மாட்டிவிட்டு மணியடித்துவிட்டு வந்தேன். அதே ஆண்டு டிசம்பரில் நம் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். மாமனாரின் மீ கோரிங்குக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று படத்துக்கு முன்னால் போய்ச் சொன்னேன்.

அப்படியானால் குடும்பத்துக்கு என்று ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தீபாவளி இரவு, கடைசி விருந்தாளியும் லிஃப்ட் ஏறிப் போனபின், பிரியாணி அண்டாவில் அடிச்சோறு இருக்கும், பிரட்டலும் இருக்கும். ஒருவரும் தொட மாட்டார்கள். என் மகள் புளியைக் கரைப்பாள். மிளகு ரசம், சுட்ட அப்பளம், முட்டைப் பொரியல். புதுத்துணியைக் கழற்றிவிட்டுக் கைலியும் நைட்டியுமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் வீட்டுக்காரர் கேட்டாரே, எனக்குப் பிடித்ததை என்றைக்குச் சமைத்தேன் என்று. இதை எந்த விருந்தாளிக்கும் நாங்கள் போட்டதில்லை.

கடைசியாக, பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒன்று. சில வருடங்களாகத் தீபாவளி மத்தியானத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பிகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறோம். கோயிலில் பழக்கமானவர்கள், தங்கும் விடுதியில் இருப்பவர்கள். அதில் ஒரு தம்பி தஞ்சாவூர்ப் பக்கம். சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அன்னாசி டார்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, இங்கே தீபாவளி லேகியம் கிண்ட மாட்டீங்களா?" என்றார்.

எங்கள் வீட்டில் அது நின்றுபோய் ஒரு தலைமுறை ஆகிறது. என் அம்மா கிண்டியதாக ஞாபகம், பதம் ஞாபகமில்லை. அந்தத் தம்பி ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா வரிசையாகச் சொன்னார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கொத்தமல்லி எல்லாம் வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, ஆறியபின் தேன். விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வெறும் வயிற்றில் ஒரு சுண்டைக்காய் அளவு. இவ்வளவு நெய்யும் இறைச்சியும் உள்ளே போகப்போகிறதே, வயிறு தாங்க வேண்டாமா? தேக்காவில் நாட்டுமருந்துச் சாமான் விற்கும் கடையில் திப்பிலி கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள், எதற்கு என்று அவர்களே சொன்னார்கள்.

போன வருடம் கிண்டினேன். என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டுக் காறித் துப்பினான். தம்பிகள் வழித்துச் சாப்பிட்டார்கள். மக்சிக் கரண்டி நுனியில் எடுத்துச் சுவைத்துவிட்டு, தன் பாட்டி காய்ச்சிக் கொடுத்த ஜாமு இப்படித்தான் இருக்கும் என்றார். அடுத்த வருடம் தனக்குத் தனிப் போத்தலில் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்த வருடம் இரட்டை அளவு.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பேச்சு முடிந்ததும் பின்னால் மேசையில் அச்சு முறுக்கு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை டேப் ஒட்டிய டின்னில் முட்டை இல்லை. அதைச் சைவக்காரர்கள் எடுக்கும்வரை மற்றவர்கள் கை வைக்காதீர்கள்.